விட்டுப்போன சர்க்கரைக் கட்டுப்பாட்டை மீட்க: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது

சில மாதங்களாகவோ சில ஆண்டுகளாகவோ மாத்திரையைச் சரியாகப் போடாமலும் பரிசோதனைக்குப் போகாமலும் இருந்துவிட்டு, இப்போது மறுபடி தொடங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்களுக்கான அறிவுரைகள் ஏராளமாக இருக்கின்றன. இடையில் விட்டுத் திரும்பி வருபவர்களுக்கு அவை முழுமையாகப் பொருந்துவதில்லை. உடல் உயர்ந்த சர்க்கரைக்குப் பழகியிருக்கும். அலமாரியில் பழைய மாத்திரைகளும் சர்க்கரை அளக்கும் மீட்டருக்கான தேதி கடந்த ஸ்ட்ரிப்புகளும் கிடக்கும். பழைய மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு நாளைக் காலையிலிருந்தே ஆரம்பித்துவிடலாம் என்று தோன்றும். இந்த வழியை நானும் கடந்து வந்திருக்கிறேன். எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது ஒரே இடத்தில் எழுதப்படாததுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது.

கீழே உள்ளவை பெரும்பாலும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குரியவை. கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இங்கே சொல்லும் கால அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். அவர்களுக்கு இலக்கும் வேறு, மருந்தும் வேறு, அவசரமும் வேறு. மருந்தின் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர் என்பதால், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது வரைதான் இங்கே சொல்லியிருக்கிறேன்.

1. அவசர நிலை இல்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, முயற்சி இல்லாமலே எடை இறங்குவது ஆகியவை சர்க்கரை நெடுநாளாக உயர்ந்திருப்பதன் அடையாளங்கள். இவை மட்டும் இருந்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவற்றோடு வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து வாங்கும் வேகமான மூச்சு, மூச்சில் பழ வாடை, விழிக்க முடியாத சோர்வு, பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இன்சுலின் போதாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேரும்போது இப்படி ஆகிறது. இதில் சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

வயதானவர்களிடம் இது வேறு முகத்தோடு வரும். கீட்டோன் அதிகம் இல்லாமலே சர்க்கரை 600 மி.கி./டெ.லி.க்கு மேல் ஏறி, உடலில் நீர் வற்றி, நாள் கணக்கில் மெல்ல மெல்லத் தெளிவு குறைந்துகொண்டே போகும். வீட்டில் இருப்பவர்கள் அதை முதுமையின் தளர்ச்சி என்று எடுத்துக்கொண்டுவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், உடன் இருப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் வகைச் சர்க்கரை நோய் (உடல் இன்சுலினைச் சுரக்காமல் போகும் வகை) உள்ளவர் இன்சுலினை நிறுத்தியிருந்தால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலில் புண், கருத்துப்போன விரல், சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் பாதம், கண்ணில் திடீரென்று மிதக்கும் கரும்புள்ளிகள் அல்லது திரை விழுந்தது போன்ற மறைப்பு ஆகியவையும் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடியவை அல்ல.

2. காகிதங்களைத் திரட்டுங்கள்

முதல் சந்திப்பில் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரத்தில் பாதியைப் பழைய கதையைச் சொல்வதில் செலவழித்துவிட்டால், மருந்தைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. ஆகவே பழைய ரிப்போர்ட்டுகள், கடைசி மருந்துச் சீட்டு, கண் பரிசோதனைக் குறிப்பு, இ.சி.ஜி. எடுத்திருந்தால் அது, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தந்த சுருக்கம் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொலைந்துபோனவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய பதிவு எண் இருந்தால் மருத்துவமனையிலும், தொலைபேசி எண்ணைச் சொன்னால் பல லேப்களிலும் பழைய முடிவுகளை மீண்டும் பெறலாம். மருந்துக் கடை ரசீதுகூட எந்த மாத்திரை, எந்த வலு என்பதைக் காட்டும்.

இவற்றின் மேல் நீங்களே கையால் எழுதிய ஒரு தாளை வையுங்கள். நோய் கண்டறியப்பட்ட ஆண்டு, அதுவரை எடுத்த மருந்துகள், கடைசியாக எப்போது எடுத்தீர்கள், அன்றைய எடை, இன்றைய எடை, இப்போதுள்ள தொல்லைகள், வேறு நோய்களுக்கு எடுக்கும் மருந்துகள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்திருந்தால் மறக்காமல் குறிப்பிடுங்கள், அது சர்க்கரையை நேரடியாக ஏற்றும். மூலிகைப் பொடி, கசாயம் போன்றவற்றையும் விடாமல் எழுதுங்கள்.

அந்தத் தாளில் மிக முக்கியமான வரி, மருந்தை ஏன் விட்டீர்கள் என்பது. பெரும்பாலானவர்கள் இதை மறைத்து, 'ஒழுங்காகத்தான் எடுத்தேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால், முழு அளவு மருந்து எடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை என்று மருத்துவர் கணக்கிட்டு, மருந்தை இன்னும் கூட்டுவார். நீங்கள் அதை உண்மையாகவே எடுக்கத் தொடங்கும் நாளில் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடும். உண்மையான காரணத்தைச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. வயிற்றுக் கோளாறு என்றால் மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் மாத்திரை இருக்கிறது, அடிக்கடி சர்க்கரை தாழ்ந்தது என்றால் அப்படிச் செய்யாத மருந்து வகைகள் இருக்கின்றன, செலவு என்றால் மலிவான மாற்று இருக்கிறது. மனச்சோர்வால் விட்டீர்கள் என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. அதைச் சரிசெய்யாமல் தொடங்கினால் மருந்து மறுபடி நின்றுபோக வாய்ப்பு அதிகம்.

3. எந்தப் பரிசோதனைகள், எப்போது

அவசரம் இல்லாத நிலையில், மருந்தை மறுபடி தொடங்குவதற்கு முன்பே இரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிடுவது நல்லது. தொடக்க நிலை எது என்று தெரிந்தால்தான் பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் இருக்கும்.

மையமானது எச்பிஏ1சி. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, ஏறக்குறைய கடந்த 2 முதல் 3 மாதங்களின் சராசரியை இது காட்டுகிறது. 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154 மி.கி./டெ.லி.; 8 என்றால் 183; 9 என்றால் 212; 10 என்றால் 240; 12 என்றால் 298. இந்தக் கணக்கு கையில் இருந்தால், வீட்டு மீட்டர் காட்டும் எண்ணும் லேப் எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று நீங்களே கேள்வி கேட்க முடியும். இரத்தசோகை, அண்மையில் இரத்தம் ஏற்றியது, முற்றிய சிறுநீரக நோய் ஆகியவை இருந்தால் இந்த எண் தவறாக வழிகாட்டும் என்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

இதோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்த சர்க்கரை, கொழுப்பு அளவுகள், கல்லீரல் என்சைம்கள், கிரியேட்டினினும் அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆரும் (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்), சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் ஆகியவை வேண்டும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுத்திருந்தால் வைட்டமின் பி12 அளவையும் கேளுங்கள், அந்த மருந்து அதைக் குறைக்கக் கூடியது. வெறும் வயிறு என்பது குறைந்தது 8 மணி நேரம்; தண்ணீர் குடிக்கலாம்.

மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, 'முழு உடல் பரிசோதனை' என்று விற்கப்படும் தொகுப்பில் எண்ணிக்கைக்காகச் சேர்த்த சோதனைகள் பல இருக்கும், சிறுநீர் அல்புமின் விகிதம் பெரும்பாலும் இருக்காது. சிறுநீரகப் பாதிப்பை மிக முன்னதாகக் காட்டுவது அந்த விகிதம்தான். இரண்டாவது, அந்த விகிதம் 30 மி.கி./கிராமைத் தாண்டியதாக ஒரே ஒருமுறை வந்ததைக் கொண்டு கலங்க வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாளின் கடுமையான உடற்பயிற்சி, மிக உயர்ந்த சர்க்கரை ஆகிய எதுவும் அதை ஏற்றும். 3 முதல் 6 மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் அதைப் பாதிப்பு என்று கொள்கிறார்கள். மூன்றாவது, ரிப்போர்ட் நன்றாக வர வேண்டும் என்று சில நாள் பட்டினி கிடப்பது. அது வெறும் வயிற்று எண்ணை ஏமாற்றும், எச்பிஏ1சியை ஏமாற்றாது, மருத்துவரைத்தான் குழப்பும்.

4. சர்க்கரையை இறக்கும் முன் கண்ணைக் காட்டுங்கள்

இந்த ஒரு படியைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் அது தற்காலிகமாக மோசமாகக் கூடும். நீண்ட கால நோக்கில் கட்டுப்பாடுதான் கண்ணைக் காப்பாற்றுகிறது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பாதிப்பு முற்றியிருப்பது முன்கூட்டியே தெரிந்தால், லேசரோ கண்ணுக்குள் போடும் ஊசியோ கொடுத்துவிட்டு, சர்க்கரையை இறக்கும் வேகத்தையும் அதற்கேற்ப அமைக்க முடியும். இன்சுலின் தொடங்கப் போகிறவர்களும், செமாக்ளூடைட் போன்ற வாராந்திர ஊசி தொடங்கப் போகிறவர்களும் இதைத் தவறவிடவே கூடாது.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. கண்மணியை மருந்து விட்டு விரித்து உள்ளே பார்க்க வேண்டும், அல்லது விழித்திரையைப் படம் எடுக்க வேண்டும். மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது என்பதால் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

கண் மருத்துவரிடம் போன கையோடு புதுக் கண்ணாடிக்கும் அளவு கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் நீரை உறிஞ்சியும் விட்டும் வடிவம் மாறுகிறது, அதோடு பவரும் மாறுகிறது. சர்க்கரை ஒரு நிலைக்கு வந்து சில வாரங்கள் கழித்து அளவு எடுத்தால், வாங்கிய கண்ணாடி வீணாகாது.

5. மருந்தை மறுபடி தொடங்குவது

பழைய சீட்டில் இருந்த கடைசி அளவிலிருந்து நீங்களாகவே தொடங்காதீர்கள் என்பதுதான் இந்தப் பகுதியின் சாரம். அந்த அளவு, அன்றைய எடைக்கும் அன்றைய சிறுநீரகத்துக்கும் எழுதப்பட்டது. மருந்து வாரியாகக் காரணங்கள் வேறுபடுகின்றன.

மெட்ஃபார்மினை இடைவெளிக்குப் பிறகு முழு அளவில் தொடங்கினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வந்து, பலர் ஒரே வாரத்தில் மறுபடி விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் 500 மி.கி. ஒரு வேளை, உணவோடு எனத் தொடங்கி, வாரம் ஒரு படியாகக் கூட்டுவார்கள். இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கூடாது. 30-க்கும் 45-க்கும் இடையில் இருந்தால் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்றவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. எடை இறங்கியோ உணவைக் குறைத்தோ இருக்கும் நிலையில் பழைய அளவு சர்க்கரையைத் தாழ்த்திவிடும். வாராந்திர ஊசிகளில் பல தவணை விட்டுப்போயிருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. பெரும்பாலும் சிறிய அளவிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. இவற்றை எடுக்கும்போது சர்க்கரை அதிகம் உயராமலே கீட்டோன் ஆபத்து வரக்கூடும் என்பதால், பட்டினியோடும் மாவுச்சத்தை அடியோடு ஒதுக்கும் உணவு முறையோடும் இவற்றைச் சேர்க்கக் கூடாது.

குளிர்சாதனப் பெட்டியில் கிடக்கும் பழைய இன்சுலினைப் பயன்படுத்த வேண்டாம். திறந்த குப்பியோ பேனாவோ பெரும்பாலான வகைகளில் 28 நாள் வரைதான். திறக்காதது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருந்திருந்தால் தேதி வரை தாங்கும், உறைந்திருந்தால் குப்பைக்குத்தான்.

எச்பிஏ1சி 10-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை 300-ஐத் தொட்டாலோ, எடை இறங்கிக்கொண்டே போனாலோ மருத்துவர் இன்சுலின் எழுதக் கூடும். இங்கேதான் பலர் மறுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். உயர்ந்த சர்க்கரையே கணையத்தை முடக்கிவைக்கிறது. சில வாரம் இன்சுலின் கொடுத்து அந்தச் சுமையை இறக்கினால் கணையம் ஓரளவு மீள்கிறது, இரண்டாம் வகையில் பலர் பிறகு மாத்திரைக்கே திரும்பிவிடுகிறார்கள். 'இது நிரந்தரமா, எந்த எண் வந்தால் மறுபரிசீலனை செய்வீர்கள்?' என்று கேளுங்கள். மறுப்பதைவிட இந்தக் கேள்வி உங்களுக்கு அதிகப் பயன் தரும்.

இலக்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலருக்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழே, வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 180-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. முதியவர்களுக்கும் அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கும் 8 வரை தளர்த்துவதும் உண்டு. அங்கே போய்ச் சேரும் வேகத்தையும் பேசுங்கள். மூன்று மாதத்துக்குள் எச்பிஏ1சி 2 புள்ளிகளுக்கு மேல் இறங்கும்போது, சிலருக்குக் கால்களில் கடுமையான நரம்பு வலி வருகிறது. உடனடி ஆபத்து இருப்பவர்களுக்கு வேகமாக இறக்குவதைத் தவிர வழியில்லை. மற்றவர்களுக்கு ஓரிரு மாதம் கூடுதலாக எடுத்துக்கொள்வதில் நட்டம் ஒன்றும் இல்லை.

6. வீட்டில் அளப்பது

மீட்டர் ஒருமுறை வாங்குவது, ஸ்ட்ரிப் மாதா மாதம் வாங்குவது. ஆகவே மலிவான மீட்டரைத் தேடாமல், ஸ்ட்ரிப் மலிவாகவும் தடையின்றியும் கிடைக்கும் மீட்டரைத் தேடுங்கள். பழைய மீட்டர் இருந்தால் பேட்டரியை மாற்றி, தேதியையும் நேரத்தையும் சரிசெய்து, ஸ்ட்ரிப்பை மட்டும் புதிதாக வாங்கினால் போதும். தேதி கடந்த ஸ்ட்ரிப், மூடி திறந்து கிடந்த ஸ்ட்ரிப் ஆகியவை பொய் சொல்லும். நல்ல மீட்டரும் லேப் அளவிலிருந்து 15 சதவீதம் வரை விலகலாம் என்பது தரநிலையிலேயே ஏற்கப்பட்டதுதான். 142-க்கும் 150-க்கும் இடையில் பொருள் தேட வேண்டாம்.

விரலைக் குத்தும் முன் கையைச் சோப்பால் கழுவித் துடையுங்கள். பழம் நறுக்கிய கையோடு எடுத்தால் எண் எகிறும். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

கண்ட நேரத்தில் அளப்பதால் ஸ்ட்ரிப் தீருமே தவிர விவரம் கிடைக்காது. ஒரு நாள் காலை உணவுக்கு முன்னும் 2 மணி நேரம் கழித்தும், அடுத்த நாள் மதிய உணவுக்கு முன்னும் பின்னும், அதற்கடுத்த நாள் இரவு உணவுக்கு என்று இரட்டை இரட்டையாக அளந்தால், ஒரு வாரத்தில் எந்த வேளை உணவு உங்களை ஏற்றுகிறது என்பது தெளிவாகிவிடும். எண்ணுக்கு அருகில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான்கு சொல் எழுதுங்கள். இன்சுலின் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொன்ன எண்ணிக்கையில் அளக்க வேண்டும்.

7. முதல் சில வாரங்களில் உடல் காட்டும் எதிர்ப்பு

280-இல் பழகிய உடலுக்கு 120 என்பதே பஞ்சமாகத் தெரியும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி என்று தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் அத்தனையும் வரும், மீட்டரில் எண் சரியாக இருக்கும். உடனே இனிப்பைத் தேடாதீர்கள். எண் 70-க்கு மேல் இருந்தால் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அடுத்த உணவு நேரம் நெருங்கியிருந்தால் அதைச் சாப்பிடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் உடல் புதிய அளவுக்குப் பழகிவிடும். பெரும்பாலானவர்கள் 'மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று மறுபடி நிறுத்துவது இந்த வாரங்களில்தான்.

70-க்குக் கீழே என்றால் அது உண்மையான தாழ்சர்க்கரை. 15 கிராம் வேகமாகக் கரையும் சர்க்கரையை, அதாவது குளுக்கோஸ் பொடியையோ ஏறக்குறைய மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்த தண்ணீரையோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். ஏறாவிட்டால் மறுபடி எடுங்கள். சாக்லேட்டின் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும், அது இதற்கு உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

எடை கொஞ்சம் ஏறும். இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டும்போது சிறுநீரகம் அதை வெளியே விட்டுவிடுகிறது. நீங்கள் சாப்பிட்டதில் ஒரு பங்கு அப்படிக் கழிவாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது உடலிலேயே தங்குகிறது. இதைக் கண்டு மருந்தைக் குறைக்காதீர்கள், சாப்பிடும் அளவைப் பாருங்கள்.

8. உணவும் நடையும்

திரும்பி வருபவர்கள் தண்டனை போல ஓர் உணவு முறையை எடுத்துக்கொண்டு, அதை ஒரு மாதம்கூடத் தாங்காமல் விடுவதைப் பார்க்கிறேன். முதல் மாதத்தில் இரண்டே மாற்றங்கள் போதும் என்பது என் கருத்து. சர்க்கரை கலந்த பானங்களையும் பழச்சாற்றையும் முழுவதுமாக நிறுத்துவது ஒன்று. தட்டில் பாதியைக் காய்கறிக்கும், கால் பங்கைப் புரத உணவுக்கும், மீதிக் கால் பங்கை மட்டும் தானியத்துக்கோ கிழங்குக்கோ ஒதுக்குவது மற்றொன்று. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் எடுத்தால், அதே உணவுக்குச் சர்க்கரை ஏறுவது குறைகிறது. இதற்குக் காசும் ஆகாது. உணவு நேரத்தைத் தவறவிடுவது, கிளிமெபிரைடு வகையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நேரடி ஆபத்து. விரதம் இருக்கும் எண்ணம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சியின் பொதுவான இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம். தொடக்கத்தில் ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிட நடை போதும். விழித்திரையில் முற்றிய பாதிப்பு இருப்பதாகக் கண் மருத்துவர் சொன்னால் கனமான பொருள் தூக்கும் பயிற்சி கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் செருப்போ காலணியோ இல்லாமல் நடக்கவே கூடாது. கீட்டோன் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம்.

9. கால், பல், இரத்த அழுத்தம்

முதல் சந்திப்பிலேயே காலுறையைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், நாடி பார்ப்பார்கள். சில நிமிட வேலை, கேட்காவிட்டால் பல இடங்களில் விட்டுப்போகும். வீட்டில் தினமும் இரவு அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஆணிக்கால், தடித்த தோல் ஆகியவற்றை நீங்களே வெட்டாதீர்கள். ஈறில் இரத்தம் வந்தால் பல் மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. இரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதும், 40 வயதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரை எழுதுவார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். மாரடைப்பைத் தடுப்பதில் இவற்றின் பங்கு பெரியது.

10. காய்ச்சல், வாந்தி வந்தால்

இதற்கான திட்டத்தை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை முழுதாக நிறுத்துவதுதான் பெரிய தவறு. நோய்த்தொற்று சாப்பிடாமலே சர்க்கரையை ஏற்றும். மாறாக, வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுமையாகி உடல் வறளும்போது, மெட்ஃபார்மினையும் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, அடிக்கடி நீர் அருந்துங்கள். எதுவும் உள்ளே தங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

11. செலவைத் திட்டமிடுதல்

செலவு ஒரே நேரத்தில் வராமல் பிரித்துக்கொள்ள முடியும். முதல் மாதம் பரிசோதனைகளும் கண்ணும் மீட்டரும் சேர்வதால் கனமாக இருக்கும். பிறகு மாத்திரையும் ஸ்ட்ரிப்பும்தான் நிரந்தரச் செலவு. முழுவதையும் ஒரே வாரத்தில் தாங்க முடியாவிட்டால், எச்பிஏ1சி, கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் விகிதம், விழித்திரை ஆகிய நான்கையும் முதலில் முடியுங்கள்.

மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற பழைய மருந்துகளுக்குக் காப்புரிமை முடிந்து வெகு காலம் ஆகிவிட்டதால், மூலப்பெயரில் வாங்கினால் செலவு மிகக் குறையும். சீட்டில் மூலப்பெயரையும் எழுதித் தரும்படி கேளுங்கள். புதிய மருந்து எழுதினால், 'எனக்கு இதயமோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டிருப்பதால் இது அவசியமா, அல்லது மலிவான மாற்றும் இதே பலனைத் தருமா?' என்று தயங்காமல் கேளுங்கள். தாங்க முடியாத விலையுள்ள மருந்தை இரண்டு மாதம் எடுத்து நிறுத்துவதைவிட, தாங்கக் கூடிய மருந்தைத் தொடர்ந்து எடுப்பது மேல். அரசு மருத்துவமனைகள் உள்ள இடங்களில் அடிப்படை மருந்தும் பரிசோதனையும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கலாம். பதிவுக்கு என்ன அடையாள ஆவணம் வேண்டும் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு இருந்தால் அசல் ரசீதுகளையும் சீட்டின் நகலையும் தனியே வையுங்கள். புதிதாகக் காப்பீடு எடுக்கப் போகிறீர்கள் என்றால், நோய் கண்டறியப்பட்ட ஆண்டை மறைக்காதீர்கள். பழைய ரிப்போர்ட் ஒன்றில் அந்தத் தேதி இருந்தால் போதும், இழப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்படக் கூடும்.

சர்க்கரை நோயை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளுக்குச் செலவு செய்யாதீர்கள். அவற்றில் சிலவற்றில் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை மருந்து அறிவிக்கப்படாமல் கலந்திருந்தது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. 'நன்றாக வேலை செய்கிறது' என்று தோன்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

12. கால அட்டவணை

முதல் வாரத்தில் காகிதங்கள், லேப், மருத்துவர். அந்த வாரத்திலேயே முடியாவிட்டால் இரண்டாம் வாரத்துக்குள் கண். இரண்டு வாரம் கழித்து, வீட்டில் எழுதிய எண்களோடு மறுபடி மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் இந்தச் சந்திப்பில்தான் நடக்கும். இன்சுலின் தொடங்கியவர்கள் சில நாள்களிலேயே பேச வேண்டும்.

அடுத்த எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து. அதற்கு முன்பே பொறுமையிழந்து எடுத்தால், பழைய சர்க்கரையின் நிழல் அதில் கலந்திருக்கும், காசும் வீண். இலக்கை எட்டும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எட்டி நிலைத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கண், சிறுநீர் அல்புமின், கால் ஆகியவை பாதிப்பு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை. பாதிப்பு இருந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

அடுத்த சந்திப்பின் தேதியை, மருத்துவமனையை விட்டு வெளியே வரும் முன்பே வாங்கிவிடுங்கள். மாத்திரை தீர்வதற்குப் பத்து நாள் முன்னதாகக் கைபேசியில் நினைவூட்டல் வையுங்கள். சீட்டில் எழுதிய காலம் முடிந்து, கடையில் தர மறுத்து, மருத்துவருக்கு நேரம் கிடைக்காமல் நிற்கும் அந்தச் சில நாள் இடைவெளியே மறுபடி மாதக் கணக்கில் நீண்டுவிடுகிறது. அதற்காகவே ஒரு வாரத்துக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும், பயணத்தின்போது அதைச் சீட்டின் நகலோடு கைப்பையில் வையுங்கள்.